துருசுக்கல்

ஓவசியர் வந்த நாள் அவருக்குக் காய்ச்சல் நாள்.
ஒருநாள் விட்டு ஒருநாள் நடுங்குகிற மனிசன்
விறாந்தையில் குந்தி
கொயினாத் தூளைத் தேனில் குழைத்து விழுங்கிவிட்டுக் கேட்டார்:
"நொச்சிமடுக் குளத்தில்
துருசு இருந்த இடம் வெறும் பள்ளமாய்க் கிடக்கு.
கல் எங்கே போச்சு, உடையார்?"

உடையார் என் புருஷன்.
"கள்ளர் கொண்டுபோயிருப்பாங்கள்" என்றார்.
"யானை உருட்டியிருக்கும்" என்றார் மைத்துனர்.
அண்ணனும் தம்பியும்
அந்தக் கல்லின் மேலேதான் நின்றார்கள்.

ஏழு முழம். வாசற்படி.
குளம் உடைந்து கேட்பாரற்றுக் கிடந்த காலத்தில்
மாமனாரின் தகப்பன் இழுப்பித்தாராம்,
பதினாறு எருது பூட்டி.
பதினாறு எருது என்று சொல்லும்போதெல்லாம்
இந்த வீட்டு ஆண்கள்
ஒரு விரற்கடை உயருவார்கள்.
முல்லைத்தீவிலிருந்து வண்டியில் வந்த ஒல்லாந்தர் ஓடு,
இருபத்திரண்டு முதிரைத் தூண்,
கரடி நகம் பதிந்த கதவு,
எல்லாம் அந்தக் கல்லுக்குப் பிறகுதான்.

நான் வடமராட்சிக்காரி. கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவள்.
"வன்னிக்குக் கொடுக்கிறதும் காய்ச்சலுக்குக் கொடுக்கிறதும் ஒன்று"
என்று அம்மா அழ அழ
ஆனையிறவு தாண்டி வந்தேன்.
அந்தக் கல்லைக் கடந்து
ஆறு பிள்ளைகளை உள்ளே கொண்டுவந்தேன்.
நாலு பேரை அதே கல்லைக் கடந்து
வெளியே கொண்டுபோனார்கள்.
எருமை படுத்தெழும்பின சேற்றைச்
சேலைத் தலைப்பில் வடித்துக் குடித்த வருஷம்
இரண்டு பேர், ஒரே கிழமையில்.
சின்னவனுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

வீடு ஒன்று. அடுப்பு இரண்டு.
கொம்மறை நெல்லைப் பங்கு பிரித்த அன்று
ஓரகத்தி தில்லையம்மை கோபித்துக்கொண்டு
குசினிக்கு நடுவே பனையோலைத் தட்டி கட்டினாள்.
உப்புத் தேவையென்றால் பிள்ளையை அனுப்புவாள்.
ஒன்பது வருஷம்.

ஓவசியருக்குக் கஞ்சித் தண்ணி கொண்டுபோனேன்.
செம்பை வைத்தேன்.
நான் எதுவும் சொல்லவில்லை, சாமி சத்தியமாய்.
கல்லின் ஓரத்தில்
பலகை ஏறியிறங்கித் தேய்ந்த காடி இருக்கிறதே,
அதில்
பெருவிரலால் இரண்டு தட்டு.
காய்ச்சலிலும் அந்த மனிசனுக்குக் கண் நல்ல கண்.

பிறகு கடுதாசி வந்தது. பிறகு ஏசண்டுத்துரை பெயர் வந்தது.
பிறகு உடையார் பதவி என்ற சொல் வந்தது.
என் புருஷன் தம்பியைப் பார்த்தார்,
தம்பி அண்ணனைப் பார்த்தார்,
இருவரும் வண்டிக்காரன் அம்பலவியைப் பார்த்தார்கள்.
பாவம், அவன் பட்டிப்பக்கம் போய்
பத்து நாள் வரவில்லை.

கல்லைப் புரட்டியபோது
அடியில் புதையல் இல்லை.
ஒரு தேரை இருந்தது.
மாரி பெய்து எட்டு மாதமாகியும்
ஈரமாய் இருந்தது.
தேரை நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று
ஆண்கள் பொழுதுபடும்வரை வாதாடினார்கள்.
அது எப்போதோ போய்விட்டது.

அதன்பின் எல்லோரும் வாசலில் தடக்கினோம்.
கால்கள் கல்லைத் தேடின.
விதானையார் விழுந்தார். விருந்தாளிகள் விழுந்தார்கள்.
என் புருஷன் நாளும் தடக்கி நாளும் என்னை ஏசினார்,
ஏனென்று தெரியாமலே சரியான ஆளை.
மரப்படி ஒன்று அடித்துப் போட்டோம்.
கறையான் தின்றது.

தைக் கடைசியில் ஒரு சாமம்
வாய்க்காலில் சத்தம்.
பாம்பு சருகில் போகிற மாதிரி முதலில்,
பிறகு அப்படியில்லை.
நான் எழும்பி வந்தேன்.
தில்லையம்மை எனக்கு முந்தியே நின்றாள், கைவிளக்கோடு,
படியில்லாத வாசலில்.
தண்ணீரைப் பார்க்கவில்லை அவள்.
விளக்கைத் தாழ்த்தி
என் காலைப் பார்த்தாள்,
பெருவிரலை.

அன்றைக்குத் தட்டியில் ஓட்டை இருந்ததை
நான் யோசிக்கவில்லை.

நெடுநேரம் நின்றோம்.
பிறகு கேட்டாள்,
பிள்ளையை அனுப்பாமல், தன் வாயால்:
"உப்பு இருக்கா?"